மைக்கில் எடுபடும் பெயர்

கொடியேற்றத்தன்று பின்னேரம், கடற்கரைப் பள்ளிவாசலுக்கு எதிரே போட்டிருந்த பலகை மேடையில் நின்றுகொண்டு, என் சொந்த மகனைக் காணவில்லை என்று நானே அறிவிக்க வேண்டி வந்தது.

அன்று காலையிலிருந்து அதே மேடையில் நின்று எத்தனையோ பிள்ளைகளைத் தாய்மாரிடம் சேர்த்துவைத்திருந்தேன். சும்மா சேர்க்கவில்லை, புத்திமதியோடு சேர்த்தேன். "அன்பான தாய்மார்களே, வளையல் கடை எங்கும் ஓடிப்போகாது. பிள்ளைதான் ஓடிப்போகும். கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்" என்று நான் சொன்னபோது கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

போர் முடிந்த பிறகு வந்த கொடியேற்றம் அது. வழியெல்லாம் இறங்கி நின்று அடையாள அட்டை காட்டும் வேலை குறைந்திருந்ததால் அக்கரைப்பற்றிலிருந்தும் ஏறாவூரிலிருந்தும் பஸ் பஸ்ஸாகச் சனம் வந்து இறங்கியது. கச்சான் கடலை வறுக்கிற மணமும் ஊதுபத்தி மணமும் ஈர மணலின் மணமும் ஒன்றாகக் கலந்து கிடந்தன. கடற்கரையில் அவ்வளவு சனத்தை ஒன்றாகப் பார்த்து எங்களுக்குப் பல வருடம் ஆகியிருந்தது.

அப்போதுதான் என் மனைவி நயீமா, முக்காடு கழுத்தில் கிடக்க, மேடையின் கீழே வந்து நின்றாள். ஒரு கையில் கண்ணாடி வளையல் சுற்றிய தாள் இருந்தது. மற்றக் கையில் இருக்க வேண்டியவன் இல்லை.

"இஞ்சாருங்க, புள்ளயக் காணல்ல."

நான் மைக்கை நிற்பாட்ட மறந்திருந்தேன். அவள் சொன்னது கடற்கரை முழுவதும் கேட்டது. முன்பு சிரித்த கூட்டம் மறுபடி சிரிக்கத் தொடங்கி, என் முகத்தைக் கண்டதும் அடங்கியது. எங்களுக்கு முன்னால் கடல் இரைந்துகொண்டிருந்தது. மகனுக்கு மூன்று வயதுகூட நிறையவில்லை.

இந்த இடத்தில் கதையை நிற்பாட்டுவது பாவம்தான். ஆனால் நான் மைக்கில் சொன்ன பெயர் எது, அந்தப் பெயருக்கு ஏன் ஒரு பிள்ளையும் திரும்பிப் பார்க்கவில்லை என்பதெல்லாம் விளங்குவதற்குக் கொஞ்சம் பின்னுக்குப் போக வேண்டும்.

மைக் பாவா

என் பெயர் ஆதம்பாவா. எங்கள் காலத்தில் நிந்தவூரில் சீனித்தம்பி, ஆதம்பாவா, உதுமாலெவ்வை என்றுதான் பெயர் வைத்தார்கள். எங்களுக்குப் பின்னால் வந்தவர்கள் றிஸ்வான், றமீஸ், இம்தியாஸ் என்று மினுங்கத் தொடங்கியதும் எங்கள் பெயர்கள் பழைய கட்டில்கள் மாதிரி மூலைக்குப் போய்விட்டன.

தொழில், இந்தப் பத்தியைக் கிழமைதோறும் படிக்கிறவர்களுக்குத் தெரிந்ததுதான். ஓட்டோவின் தலையில் ஸ்பீக்கர் கட்டி, ஊர் ஊராகப் போய் அறிவித்தல் சொல்வேன். கிரிக்கெட் இறுதிப் போட்டி, சாரிக் கடையின் மலிவு விற்பனை, குழாய்த் தண்ணீர் வராத நாள், எல்லாவற்றுக்கும் மேலாக ஜனாஸா அறிவித்தல், அதாவது மரணச் செய்தி. ஓட்டோ ஓட்டுபவர் பாண்டிருப்புத் தங்கராசா. கல்முனைக் கரையில் யார் மௌத்தானாலும் முதலில் தெரிவது வீட்டுக்காரருக்கு, இரண்டாவதாகத் தெரிவது எனக்கும் தங்கராசாவுக்கும்.

ஊரார் எனக்கு மைக் பாவா என்று பெயர் வைத்தார்கள். பொடியன்கள் மௌத்துப் பாவா என்றார்கள். ஒருமுறை தடிமன் மருந்து வாங்க ஒரு தெருவுக்குள் நடந்துபோனபோது, மூன்று வீட்டுப் பெண்கள் வேலிப் படலைக்கு வந்து "யாரு மௌத்து, பாவா?" என்று கேட்டார்கள். தும்மல் என்று சொன்னேன்.

போன கிழமை எழுதியதில் என் குரலை நானே அளவுக்கு மிஞ்சிப் புகழ்ந்துவிட்டதாக நிந்தவூரிலிருந்து ஒருவர் சொல்லியனுப்பியிருந்தார். சொன்னவர் என் கூடப்பிறந்த தம்பி. ஆனாலும் உண்மையை மறைக்க முடியாது. போர்க்காலத்தில் ஒரு சோதனைச் சாவடியில் பெயரைக் கேட்டார்கள். பழக்கத்தில் வயிற்றிலிருந்து குரலை எடுத்து "ஆதம்பாவா!" என்றேன். வரிசையில் நின்ற எல்லாரும் கையைத் தூக்கிவிட்டார்கள். அதற்குப் பிறகு அந்த இடத்தில் என் சார்பில் தங்கராசாதான் மெல்லிய குரலில் பதில் சொல்லுவார்.

இப்படியே நாளெல்லாம் பெயர் சொல்லிச் சொல்லி, பெயர்களைப் பற்றி எனக்கு ஒரு ஞானம் பிறந்திருந்தது. உலகத்துப் பெயர்கள் இரண்டு வகை. மைக்கில் எடுபடும் பெயர், எடுபடாத பெயர். "அப்துல் ஜப்பார்" என்றால் குறுக்குத் தெரு எல்லாம் தாண்டி வயல் வரைக்கும் போகும். "மிஸ்மி" என்றால் ஓட்டோவுக்குள்ளேயே விழுந்துவிடும். எனக்கு ஒரு மகன் பிறந்தால் எப்படிப்பட்ட பெயர் வைப்பது என்று கலியாணத்துக்கு முன்பே முடிவெடுத்திருந்தேன். அது நீண்டு, இழுபட்டு, "ஆர்" என்று முடிய வேண்டும்.

கீரிமீன்

எங்கள் பக்கத்து வழக்கப்படி மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டுக்குப் போவான். நானும் நிந்தவூரிலிருந்து ஒரு பெட்டியோடும் ஒரு ஸ்பீக்கரோடும் கல்முனைக்குடிக்கு, நயீமாவின் வீட்டுக்குப் போனேன். வீடு கடலுக்குக் கிட்ட. மாமா முன்பே மௌத்தாகிவிட்டார். மாமி ஆசியா உம்மா, நயீமா, அவளுடைய தம்பி றமீஸ், இவ்வளவு பேர்தான் குடும்பம்.

றமீஸுக்கு அப்போதுதான் மீசை ஒழுங்காக முளைத்திருந்தது. வேலைக்குப் போகிறேன் போகிறேன் என்று சொல்லிக்கொண்டு பந்தடிக்கப் போகும் வயது. என்னை மச்சான் என்று கூப்பிடுவதை விட்டுவிட்டு, மூக்கைப் பொத்திக்கொண்டு என் குரலில் எனக்கே ஜனாஸா அறிவித்தல் சொல்லிக் காட்டுவான். மாமி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார். என்னைவிட நன்றாகச் சொன்னான் என்பதுதான் எனக்குக் கோபம்.

சுனாமியாகக் கடல் ஊருக்குள் வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை நானும் நயீமாவும் நிந்தவூரில், வயல் பக்கமிருந்த என் உம்மாவின் வீட்டில் இருந்தோம். காலையில் றமீஸ் வெளியே கிளம்பிப் படலையைத் திறக்கும்போது, மாமி குசினி வாசலில் நின்று கூப்பிட்டாராம்.

"றமீஸ்! கரையில கீரிமீன் இருந்தா வாங்கிட்டு வா மனே."

அவன் திரும்பிப் பார்க்கவில்லை. "ஓம்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான்.

மாமியை அடுத்த வீட்டு மாடியில் யாரோ தலைமுடியைப் பிடித்து இழுத்து ஏற்றிவிட்டார்கள். வீட்டில் கிணறும் ஒரு சீமெந்துப் படியும் மிஞ்சின. றமீஸை நாங்கள் தேடாத இடம் இல்லை. கிடைக்கவில்லை.

அந்த நாட்களில் தங்கராசாவின் ஓட்டோவும் போய்விட்டது. யாரோ தந்த பற்றரியில் ஒரு ஸ்பீக்கரைக் கட்டி, கைவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு இரண்டு பேரும் அறிவித்தல் சொன்னோம். எந்தப் பள்ளிவாசலில் யார் இருக்கிறார்கள், எந்தப் பள்ளிக்கூடத்தில் யாருடைய பிள்ளை இருக்கிறது, யாருடைய மய்யித்து கிடைத்தது. நான் வாசித்த பெயர்களைப் பற்றி எழுத எனக்கு இன்னும் கை வரவில்லை. விட்டுவிடுகிறேன்.

முகாமாக இருந்த பள்ளிக்கூட விறாந்தையில் மாமி என்னைக் கூப்பிட்டார்.

"மருமகன், அவன்ட பேரை மைக்கில சொல்லாதீங்க."

"மௌத்தான ஆக்கள்ள சொல்லல்ல மாமி. காணாமப் போன ஆக்கள்ளதான்."

"எதுலயும் வேணாம். உங்கட வாயால பேர் வந்தா அது மௌத்துத்தான். ஊருக்கே தெரியும்."

அவர் சொன்னது உண்மை. நான் றமீஸின் பெயரைச் சொல்லவில்லை. மௌத்தானவர்களுக்காக ஓதும் கத்தத்தை அவனுக்காக ஓதவும் மாமி விடவில்லை. புது வீடு கிடைத்துக் கடலை விட்டுத் தள்ளி வந்த பிறகும், எத்தனை பிள்ளைகள் என்று யாராவது கேட்டால் "மகள் ஒண்டு, மகன் ஒண்டு. மகன் வெளிய போயிரிக்கான்" என்பார். அந்த வீட்டில் றமீஸ் என்ற பெயரை யாரும் சத்தமாகச் சொல்வதில்லை. மாமி கடலின் பக்கம் முகம் திருப்புவதும் இல்லை.

காதில் இரண்டு தட்டு

கிழக்கில் மறுபடி வெடிச்சத்தம் கேட்கத் தொடங்கியிருந்த காலத்தில் மகன் பிறந்தான். பிறந்த பிள்ளையின் வலக்காதில் பாங்கு சொல்ல வேண்டும். வேறு யாரையாவது சொல்லவைக்கலாமே என்று நயீமா கட்டிலில் படுத்தபடி கேட்டாள். இந்தக் குரலை வைத்துக்கொண்டு நான் வேறு ஆள் தேடுவேனா?

பிள்ளையைக் கையில் ஏந்தினேன். தொண்டையைச் செருமினேன். வாயைக் காதருகே கொண்டுபோனதும், இத்தனை வருடத்துப் பழக்கம், என் விரல் தானாக எழும்பி அந்தப் பிஞ்சுக் காதில் டொக் டொக் என்று இரண்டு தட்டுத் தட்டியது. மைக் வேலை செய்கிறதா என்று பார்க்கத்தான்.

வேலை செய்தது. பிள்ளை வீறிட்டான். நான் அதற்கும் மேலே குரல் எடுத்துப் பாங்கைச் சொல்லி முடித்தேன். அந்த ஆஸ்பத்திரி வாட்டில் இருந்த எல்லாப் பிள்ளைகளும் எழும்பிவிட்டன. தாதி ஓடிவந்து, "ஐயா, இந்தப் புள்ளைக்குத்தானே சொல்றீங்க? அடுத்த ஊர் காரைதீவுக்குச் சொல்லல்லயே?" என்று கேட்டார்.

ஒரு வீட்டில் இரண்டு பேரா

ஏழாம் நாள் முடி இறக்கிப் பெயர் வைக்க ஏற்பாடானது. பள்ளிவாசலில் ஓதிக்கொடுக்கும் லெவ்வை வந்து பாயில் உட்கார்ந்தார். நிந்தவூரிலிருந்து என் உம்மா வந்திருந்தார். குசினியில் மாமி ஆட்டிறைச்சி சமைத்துக்கொண்டிருந்தார். நயீமா திரைச்சீலைக்குப் பின்னால் பிள்ளையோடு இருந்தாள். தங்கராசா வாசலில் கதிரை போட்டு உட்கார்ந்து, எங்களுக்குள் சண்டை எப்போது தொடங்கும் என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன பேர் வைக்கிறது?" என்றார் லெவ்வை.

"அவர்ட பேரத்தான் வைக்கணும்" என்றார் உம்மா.

"எவர்ட?"

"அவர்டதான்."

மௌத்தான என் வாப்பாவின் பெயரைத்தான் உம்மா சொல்கிறார் என்பது எனக்கு விளங்கிவிட்டது. ஆனால் லெவ்வை வெளியூர் ஆள். உம்மா இந்த வயது வரை புருசனின் பெயரை வாயால் சொன்னதில்லை, இனியும் சொல்லப்போவதில்லை. லெவ்வை ஒவ்வொரு பெயராகச் சொல்லிப் பார்த்தார். உம்மா ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டி இல்லை என்றார். கடைசியில் நான்தான் "சீனிமுகம்மது" என்றேன்.

"ஓம், அதுதான்" என்றார் உம்மா வெட்கத்தோடு.

"அதுதான் எண்டு வைச்சா, பேரனை எப்பிடிக் கூப்பிடுவீங்க?" என்று வாசலிலிருந்து தங்கராசா கேட்டார். "அவர்ட பேரை உங்களுக்குச் சொல்ல ஏலாதே."

உம்மா யோசித்தார். "நான் வாப்பா எண்டு கூப்பிடுவன்."

"அப்ப பேர் எதுக்கு?" என்றார் தங்கராசா. உம்மா அவரைப் பார்த்த பார்வையில் அவர் கதிரையைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

நான் எழுந்து நின்றேன். ஆம், எழுந்து நின்றுதான் சொன்னேன். "முகம்மது ஸுல்பிகார்." காற்றிலே எப்படிப் போகும், குறுக்குத் தெருவைத் தாண்டும்போது "ஆர்" எப்படி இழுபடும் என்றெல்லாம் விளக்கினேன். ஒருமுறை சொல்லியும் காட்டினேன். கிணற்றடியில் காகம் பறந்தது.

அப்போது திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து நயீமாவின் குரல் வந்தது. மெல்லிய குரல்தான், ஆனால் எல்லாருக்கும் கேட்டது.

"றமீஸ் எண்டு வைப்பம்."

குசினியில் அகப்பைச் சத்தம் நின்றது. மாமி அகப்பையோடு வந்து கூடத்தின் நடுவில் நின்றார். இரண்டு வருடத்துக்குக் கிட்டவாக அந்தப் பெயர் அந்த வீட்டில் சத்தமாக விழவில்லை. நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இரிக்கிறவன்ட பேரை ஏன் வைக்கிற?" என்றார் மாமி. "மறுகா அவன் வந்தா? ஒரு ஊட்டுல ரெண்டு பேரை ஒரே பேர் சொல்லிக் கூப்பிட்டா எவன் திரும்பிப் பாப்பான்?"

"உம்மா..." என்றாள் நயீமா.

"வேணாம் எண்டா வேணாம்."

மாமி போய்விட்டார். திரைச்சீலைக்குப் பின்னால் நயீமா அழுவது கேட்டது. என் மச்சான் மூக்கைப் பொத்திக்கொண்டு என் குரலில் பேசியது ஞாபகம் வந்தது. அவன் உயிரோடு இல்லை என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும், மாமிக்கும் தெரியும். ஆனால் அந்தப் பெயரைப் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டால் அது ஊருக்கு அறிவித்தல் சொன்ன மாதிரி ஆகிவிடும். அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

லெவ்வை என்னைப் பார்த்தார். என் உம்மா கேட்ட பெயர் வாயில் வராது, நயீமா கேட்ட பெயர் வீட்டில் வராது. போட்டியில் ஓடிய மற்ற இரண்டு பேரும் விழுந்துவிட்டதால் நான் முதலாவதாக வந்தேன். பிள்ளையின் பெயர் முகம்மது ஸுல்பிகார் ஆனது. வெற்றி பெற்ற முகத்தோடு நான்தான் ஆட்டிறைச்சியைப் பரிமாறினேன். வெட்கமில்லாதவனுக்குப் பசி அதிகம் என்பார் என் வாப்பா.

ஆனால் ஊரில் அந்தப் பெயரை நான் ஒருவன்தான் பாவித்தேன். என் உம்மா எப்போது வந்தாலும் "வாப்பா" என்றார், அவர் நினைத்தபடியே. நயீமா "தங்கம்" என்றாள். தங்கராசா "சின்ன மைக்" என்றார். மாமி எங்கள் முன்னால் "மனே" என்று சொல்வதோடு சரி. பிள்ளையைக் குளிப்பாட்டுவது மட்டும் அவருடைய வேலை. கிணற்றடியைச் சுற்றித் தகரம் அடித்திருந்தது. உள்ளே தண்ணீர் ஊற்றும் சத்தத்தோடு அவர் முணுமுணுக்கும் சத்தமும் கேட்கும். நபியின் பேரில் ஸலவாத்துச் சொல்கிறார் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அன்னார்

இனிக் கடற்கரைக்கு வருவோம். நயீமா மேடையின் கீழ் நிற்கிறாள், பிள்ளையைக் காணவில்லை.

அன்று மாமியும் வந்திருந்தார். கடல் வந்த பிறகு அவர் அந்தப் பக்கம் வந்தது அதுதான் முதல் தடவை. கொடி பார்க்க வேண்டும் என்று பேரன் சேலையைப் பிடித்து இழுத்ததால்தான் வந்தார். அப்படியும் பள்ளியின் சுவரோரம், கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் நின்றார். நயீமா சொன்னது ஸ்பீக்கரில் கேட்டதும் அவர் திரும்பினார். நான் மேடையிலிருந்து அதைப் பார்த்தேன்.

மைக்கைப் பிடித்தேன். வாழ்நாள் முழுக்க நான் பயின்றதெல்லாம் இந்த ஒரு அறிவித்தலுக்குத்தான் என்று நினைத்தேன். குரலை எடுத்தேன்.

"ஓர் அவசர அறிவித்தல். நீல நிறச் சட்டை அணிந்த முகம்மது ஸுல்பிகார்... முகம்மது ஸுல்பிகார்..."

பெயர் நன்றாக எடுபட்டது. "ஆர்" கடலுக்கு மேலால் போய்த் திரும்பி வந்தது. கூட்டம் இங்கும் அங்கும் பார்த்தது. எந்தப் பிள்ளையும் வரவில்லை.

மறுபடி சொன்னேன். தங்கராசா ஓட்டோவை விட்டுவிட்டு அலை அடிக்கும் இடத்துக்கு ஓடுவது தெரிந்தது. அவர் ஏன் அந்தப் பக்கம் ஓடுகிறார் என்று விளங்கியதும் என் தலை வெறுமையாகிவிட்டது. தலை நின்றாலும் வாய் நிற்காது. அது பழகின பாதையில் தானாகப் போகத் தொடங்கியது.

"கல்முனைக்குடியைச் சேர்ந்த முகம்மது ஸுல்பிகார் அவர்கள்... ஆதம்பாவா, நயீமா ஆகியோரின் அன்பு மகனும், ஆசியா உம்மாவின் அன்புப் பேரனுமாவார். அன்னார்..."

அன்னார்! எங்கள் ஊரில் அந்தச் சொல்லை ஜனாஸா அறிவித்தலைத் தவிர வேறு எதிலும் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். கூட்டம் முழுவதும் ஒரே மூச்சாக "யா அல்லாஹ்" என்றது. "புள்ள மௌத்தாமா?" என்று ஒரு பெண் கேட்பது காதில் விழுந்தது. நயீமா மணலில் உட்கார்ந்துவிட்டாள். நான் மைக்கைப் பிடித்தபடி நின்றேன். அடுத்த சொல் எனக்குத் தெரியும், ஆனால் அதைச் சொல்லக் கூடாது என்பதும் தெரியும். வேறு சொல் எதுவும் வரவில்லை.

பலகை ஆடியது. மாமி மேடைக்கு ஏறிக்கொண்டிருந்தார். அந்த மேடையில் அதுவரை ஒரு பெண்ணும் ஏறியதில்லை. பள்ளி நிர்வாகத்தார் வாயைத் திறந்தபடி நின்றார்கள். அவர் என் கையிலிருந்து மைக்கைப் பறித்தார்.

"உங்கட வாய மூடுங்க மருமகன்" என்றார். அதுவும் ஸ்பீக்கரில் கேட்டது.

மேடையிலிருந்து பார்த்தால் நேரே கடல். மாமி அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கூப்பிட்டார். அறிவித்தல் சொல்வது போல இல்லை, படலைக்குப் போய்விட்டவனைக் குசினி வாசலில் நின்று கூப்பிடுகிற மாதிரி.

"றமீஸ்! மனே, றமீஸ்! எங்க மனே நிக்காய்? உம்மா கூப்பிடுறன். இஞ்ச வா மனே!"

பேரனுக்கு அவர் மூத்தம்மா, ஆனால் மூத்தம்மா என்று சொல்லவில்லை. உம்மா என்றுதான் சொன்னார். மணலில் உட்கார்ந்திருந்த நயீமா தலையை நிமிர்த்தினாள். அலைக்கரையில் தங்கராசா அப்படியே நின்றுவிட்டார்.

மேடையைச் சுற்றிக் கட்டியிருந்த பச்சைத் துணி அசைந்தது. என் காலுக்கு நேர் கீழேயிருந்து, வாய் நிறையக் கச்சானும் தலை நிறைய மணலுமாக, முகம்மது ஸுல்பிகார் வெளியே வந்தான்.

"என்ன மூத்தம்மா?" என்றான்.

நயீமா ஓடிப்போய் அவனைத் தூக்கினாள். கூட்டம் "அல்லாஹு அக்பர்" என்று தக்பீர் சொன்னது. நான் மேடையில் இருந்த கதிரையில் உட்கார்ந்து அழுதேன், ஒளிக்காமல் அழுதேன். கொஞ்சம் ஆறியதும் அவனிடம் கேட்டேன், "வாப்பா எத்தின தரம் கூப்பிட்டன், உனக்குக் கேக்கல்லயா மகன்?"

"கேட்டிச்சி" என்றான். "வாப்பா யாரையோ தேடினீங்க."

எந்த றமீஸ்

வீட்டுக்கு வந்து சேர்ந்தோம். மாமி குசினியில் தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தபோது நயீமா பின்னால் போய் நின்று கேட்டாள்.

"எப்ப இருந்தும்மா அவனை அப்பிடிக் கூப்பிடுற?"

மாமி கோப்பைகளைத் தட்டில் எடுத்து வைத்தார். "குளிப்பாட்டக்குள்ள மட்டுந்தான்" என்றார் பிறகு. "கைப்புள்ளயில தண்ணி ஊத்தினா மூச்சு முட்டி அழுவான். அந்தப் பேரைச் சொன்னாத்தான் அடங்குவான். நான் என்ன செய்ய?"

நயீமா தாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். நான் கூடத்தில் இருந்தபடி இதையெல்லாம் கேட்டேன். ஊரில் உள்ள பெயரையெல்லாம் வாயில் வைத்திருந்தவன், தன் பிள்ளை எந்தப் பெயருக்குத் திரும்புவான் என்று தகரத்துக்கு அந்தப்பக்கம் கேட்காமல் இருந்துவிட்டேன். ஸலவாத்தாம்!

அடுத்து வந்த வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்குப் போக நான் தொப்பியைத் தேடிக்கொண்டிருந்தபோது மாமி வந்து கதவடியில் நின்றார்.

"மருமகன், அவனுக்கு ஒரு கத்தம் ஓதணும்."

எனக்கு விளங்கியது. ஆனாலும் ஒன்றும் பேசவில்லை. பேசினால் கெட்டுவிடும் என்று முதன்முறையாகத் தெரிந்திருந்தது.

"மைக்கில சொல்லுங்க" என்றார் மாமி. "உங்கட குரல்லயே சொல்லுங்க. அன்னார் எண்டும் சொல்லுங்க. ஆனா எந்த றமீஸ் எண்டு தெளிவாச் சொல்லணும். சின்னவனை எண்டு சனம் நினைச்சிரக் கூடாது."

பின்னேரம் தங்கராசாவும் நானும் கிளம்பினோம். ஸ்பீக்கரை அவர் வழக்கத்தைவிட இறுக்கிக் கட்டினார். "மெல்லச் சொல்லுங்க காக்கா" என்றார். அவ்வளவுதான் அவர் கதைத்தது. கல்முனைக்குடியின் ஒவ்வொரு தெருவிலும் சொன்னேன். வேலிகளில் பெண்கள் முகத்தைப் பொத்திக்கொண்டு நின்றார்கள். அவனோடு பந்தடித்தவர்கள் கடை வாசல்களில் எழுந்து நின்றார்கள். என் மச்சான் இருந்திருந்தால் இதைவிட நன்றாகச் சொல்லியிருப்பான்.

எங்கள் வீட்டு வேலியருகே தங்கராசா ஓட்டோவின் வேகத்தைக் குறைத்தார். மாமி, பாதிக் குளிப்பில் பிள்ளையை நயீமாவிடம் விட்டுவிட்டு, ஈரக் கையோடு படலையடியில் நின்றுகொண்டிருந்தார். அவர் கேட்டபடியே தெளிவாகச் சொன்னேன். ஆசியா உம்மாவின் அன்பு மகனும், நயீமாவின் தம்பியும், கடல் வந்த அன்று மீன் வாங்கப் போனவருமான றமீஸ்.

கிணற்றடித் தகரத்துக்கு உள்ளேயிருந்து ஒரு சின்னக் குரல் சத்தமாகப் பதில் சொன்னது.

"ஓம்!"